ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா?

இளநிலைப் படிப்புக்கு ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. யூகாஸ் (பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பு) படிவத்தில் உள்ள 5 இடங்களில் ஒன்றைத்தான் இவற்றில் ஏதாவது ஒன்றுக்குத் தரலாம். கடைசி நாள் அக்டோபர் 15. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு என்பதால் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பேரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். இயற்பியல் மட்டும் போதும் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு: முதல் நாளிலிருந்தே அதுதான். கேம்பிரிட்ஜில் ‘இயற்கை அறிவியல்’ என்ற பொது வாசல். முதலாண்டில் 3 அறிவியல் பாடங்களோடு கணிதமும் படித்து, பிறகு படிப்படியாகக் குறுக்கிக்கொள்ள வேண்டும். வேதியியலா உயிரியலா என்று ஊசலாடுபவருக்கு இது வரம், முடிவெடுத்துவிட்டவருக்கு வீண் சுமை. பொருளாதாரத்தில் நிலைமை தலைகீழ். கேம்பிரிட்ஜில் அது தனிப் பட்டம். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், மேலாண்மை, வரலாறு என எதனுடனாவது சேர்ந்தே வரும். கட்டடக்கலை இளநிலை கேம்பிரிட்ஜில் மட்டும்.

கற்பிக்கும் முறையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் ‘டியூட்டோரியல்’, கேம்பிரிட்ஜில் ‘சூப்பர்விஷன்’. இரண்டிலும் ஓரிரு மாணவர்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து வாதாடுவதுதான். பருவமும் இரண்டிலும் 8 வாரம், மூச்சுவிட நேரமிருக்காது.

இரண்டு பல்கலைக்கழகங்களுக்குள்ளும் பல கல்லூரிகள் உண்டு. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அதிகம் கவலைப்பட வேண்டாம். கேம்பிரிட்ஜில் தகுதியிருந்தும் ஒரு கல்லூரியில் இடமில்லையென்றால் ‘பூல்’ என்ற பொதுப் பட்டியல் வழியாக வேறொரு கல்லூரி உங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டும் விண்ணப்பதாரர்களைக் கல்லூரி மாற்றி அமர்த்துவதுண்டு.