கேட்காமல் கிடைத்தது எது? சென்னைக் கல்லூரியில் ஐந்து வருடம்

2019-இல் பி.ஏ. வரலாறு, தமிழ்வழியில் சேர்ந்தேன். 2024-இல் எம்.ஏ. கடைசித் தேர்வு எழுதினேன். இரண்டும் சென்னையில் ஒரே எய்டட் கல்லூரியில்தான், பெயர் வேண்டாம். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லும் அளவுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். பார்வையற்ற பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிற அப்பா அம்மாக்கள் அடிக்கடி போனில் கேட்கிறார்கள், "அங்க வசதியெல்லாம் எப்படிம்மா?" என்று. ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நட்சத்திரம் போட்டு மதிப்பிட எனக்கு வராது. என் கணக்கு வேறு. ஒரு வசதி கையில் வந்து சேர எத்தனை முறை கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதல் செமஸ்டரில் ஸ்க்ரைபுக்காக, அதாவது தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆளுக்காக, ஏழு முறை கேட்டேன். துறைத்தலைவரிடம் கடிதம், முதல்வர் கையெழுத்து, தேர்வு அலுவலகத்தில் மருத்துவச் சான்றிதழ் நகல், "ஒரிஜினல் எங்கே?", மறுபடி நகல், "லஞ்சுக்கப்புறம் வாங்க", அப்புறம் தேர்வன்று காலை ஒன்பதரைக்கு ஏழாவது முறை. பத்து மணிக்குத் தேர்வு. ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலாண்டு பி.காம். பெண் ஒருத்தி ஓடி வந்தாள். பேச்சு தேன்மாதிரி இருந்தது. கேள்வித்தாளைக் கையில் வாங்கியவள் அமைதியாகிவிட்டாள். "அக்கா, நான் ஸ்கூல்ல பிரெஞ்ச் எடுத்தேன். தமிழ் பேசுவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுதத்தான் சரியா வராது." சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. செய்யாறு பக்கத்திலிருந்து வந்த எனக்குத் தமிழ்நாட்டில் தமிழ் எழுதத் தெரியாத தமிழ்ப் பெண் இருப்பாள் என்பதே அன்றுதான் தெரியும். அவள்மீது தப்பில்லை. அவளை அனுப்பியவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தத் தாளில் களப்பிரர்களைப் பற்றி பத்து மதிப்பெண் கேள்வி. விடைத்தாள் திரும்பி வந்தபோது தோழி படித்துக்காட்டினாள்: முழுக்க 'கலப்பிறர்'. சிரித்துத் தீரவில்லை. ஆனால் மதிப்பெண் நாலு.

ஸ்க்ரைபுக்குச் சொல்வது தனி வித்தை, இதை யாரும் கற்றுத் தருவதில்லை. மனசில் ஓடுகிற வேகத்தில் சொன்னால் எழுதுபவர் பாதியை விழுங்கிவிடுவார். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் நமக்கே விஷயம் அறுந்துபோகும். நான் கண்ட வழி: ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்வது, அவர் பேனா நிற்கும் சத்தம் கேட்டதும் அடுத்ததைத் தொடங்குவது, ஒவ்வொரு பத்தி முடிவிலும் கடைசி வரியை மட்டும் திருப்பிப் படிக்கச் சொல்வது. பெயர்ச்சொல் வந்தால் 'பெரிய ற', 'மூணு சுழி ண' என்று கூடவே சொல்லிவிடுவது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பாவது அதே ஆளுடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள் ஒன்றை எழுதிப் பாருங்கள். ஸ்க்ரைபை முன்கூட்டியே சந்திக்க வாய்ப்பு தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலிலேயே இருந்தது. நாமே ஆள் அழைத்து வந்தால் அவர் நம்மைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பதும் அப்போது அதில்தான் இருந்தது.

எனக்குக் கூடுதல் நேரமும் அதே வழிகாட்டுதல்படிதான். மணிக்கு குறைந்தது 20 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். காகிதத்தில் தகராறே இல்லை. மதியம் ஒரு மணி ஆனதும் கண்காணிப்பாளர் நாற்காலியை நகர்த்துவார். பக்கத்து அறைகள் காலியாகிவிடும். "இன்னும் எத்தனை கேள்விம்மா?" என்று அன்பாகத்தான் கேட்பார். அந்த அன்புக்குப் பயந்தே இரண்டு தேர்வில் நாற்பது நிமிடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

வரலாற்று மாணவர்களுக்கு இன்னொன்று: வரைபடக் கேள்வி. பள்ளியில் எங்களுக்கு மாற்று வினா கொடுத்தார்கள். இங்கே முதல் வருடம் "மேப்பை விட்டுடும்மா, மத்ததை நல்லா எழுது" என்றார்கள். மூன்றாம் செமஸ்டரிலிருந்து மாற்று வினா அச்சில் வந்தது. நாலு முறை கேட்டேன்.

அடுத்து, பாடக்குறிப்புகள். என் ஐந்து வருடத்தில் அதிக நேரத்தைத் தின்றது இதுதான். பாட்டி சொல்லைத் தட்டாத பேரனைப்போல என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடர் மென்பொருள் திரையில் இருப்பதை அப்படியே வாய்விட்டுப் படிக்கும். ஆனால் திரையில் இருப்பது பாமினி எழுத்துருவாக இருந்தால்? கண்ணால் பார்ப்பவருக்கு அது 'தமிழ்'. உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். என் காதில் விழுவது 'ஜே கே பி ஓ செமிகோலன்'. ஒரு அலகு முழுக்க இப்படி நாற்பது பக்கம். எல்லாக் கணினியும் தமிழைத் தமிழாகவே புரிந்துகொள்ளும் முறை யூனிகோடு. தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்று ஆணை போட்டுவிட்டது. எங்கள் பேராசிரியர்களோ தட்டச்சுக் கடையில் கொடுத்துத்தான் குறிப்பு தயாரிப்பார்கள், கடைக்காரருக்குக் கை பழகியது பாமினி. யாரையும் குறை சொல்ல முடியாத இடத்தில் நாற்பது பக்கம் வீணாகிறது.

வேர்டு கோப்பாக இருந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றியில் போட்டு எடுத்துவிடலாம். பி.டி.எஃப். என்றால் பாதி வரும், கொம்பும் காலும் இடம் மாறி வரும். கையெழுத்துக் குறிப்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஊரடங்கு காலத்தில் வகுப்பு முழுக்க அதில்தான் நடந்தது. அப்போது ஊரில் என் தங்கைதான் எனக்கு ஸ்க்ரீன் ரீடர். அவள் பத்தாம் வகுப்பு. சோழர் நிர்வாகம் அவளுக்கு இன்றும் மனப்பாடம்.

ஒரு மேடம் மட்டும், நான் ஒருமுறை 'ஜே கே பி ஓ'வை இயர்போனில் கேட்க வைத்த பிறகு, எல்லாக் குறிப்பையும் போனில் வாயால் சொல்லி யூனிகோடில் தட்டி வகுப்புக்கு முந்தின நாளே அனுப்பினார். கேட்டது ஒரு முறை. கிடைத்தது இரண்டு வருடம்.

வளாகத்தில் எங்களுக்காக 'வள அறை' என்று ஒன்று உண்டு. ஆறு கணினி, ஏசி, வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு. விலைகொடுத்து வாங்கிய ஜாஸ் என்ற ஸ்க்ரீன் ரீடரின் உரிமம் நான் சேரும் முன்பே காலாவதி. நிர்வாகி பாஸ்வேர்டு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாததால் வேறெதையும் நிறுவவும் முடியாது. ஒரு சீனியர் அண்ணாதான் வழி சொன்னார்: என்.வி.டி.ஏ.வை நிறுவவே வேண்டாம், பென்டிரைவில் இருந்தே ஓட்டலாம். காசும் கிடையாது. ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினோம். சேர்க்கைக்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கணினிகளை எண்ணாதீர்கள். ஒன்றை ஆன் செய்து பேசுகிறதா என்று கேளுங்கள்.

கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் குழு வரும் வருடம் சாய்தளங்கள் முளைக்கும், மஞ்சள் நிறத் தொடு ஓடுகளும் பதிப்பார்கள். எங்கள் வளாகத்தில் அந்த ஓட்டைக் கோலால் தொட்டுக்கொண்டே போனால் நேராக டூவீலர் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடும். சக்கர நாற்காலியில் வரும் என் தோழிக்கு சாய்தளம் கிடைத்தது, லிஃப்ட் கிடைக்கவில்லை. அவள் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேட்டுக் கேட்டு ஒரு செமஸ்டர் போனது. மாற்றியதற்குச் செலவு ஒன்றுமில்லை, அறை எண்ணை அழித்து எழுதினார்கள். 2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் மரப்பாதை திறந்தபோது அவளுடன் போனேன். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். அதைத்தான் அவள் அடிக்கடி சொல்வாள், சரிசெய்தார்கள் என்பதை.

வெளியே எனக்கு மிகவும் பயன்பட்டது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்லி பிரிவு. தரைத்தளத்திலேயே இருப்பதால் தேட வேண்டியதில்லை. பிரெய்லியில் ஒரு புத்தகம் நாலைந்து தொகுதியாகப் பெருத்துவிடும், ஹாஸ்டல் அலமாரி தாங்காது. அங்கேயே உட்கார்ந்து படித்துவிடுவேன். பார்வையற்றவர்களுக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவிலும் பதிவு செய்தேன், ஆங்கில நூல்களுக்கு நல்லது. என் பாடத்துக்கான தமிழ் நூல்கள் அதில் சிக்கியது குறைவு.

இனி அந்தக் கணக்குக்கு வருகிறேன். ஸ்க்ரைபுக்கு முதல் செமஸ்டரில் ஏழு. இரண்டாம் வருடத்தில் ஒரு பேராசிரியர் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருங்கிணைப்பாளராக வந்தார். ஏழு நாலாகி, ஒன்றாகி, ஒரு செமஸ்டரில் அவரே கூப்பிட்டு "உன் ஸ்க்ரைப் ரெடி, வந்து பாரு" என்றார். ஊரில் எல்லோரிடமும் எங்கள் கல்லூரி மாதிரி வராது என்று பெருமை பேசினேன். 2022-இல் அவர் ஓய்வு பெற்றார். நான் எம்.ஏ. முதல் செமஸ்டர். கணக்கு மறுபடி ஐந்து! இரண்டு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது கல்லூரி என்று நினைத்தேன். வேலை செய்தது அவருடைய போன். யார் யாருக்கு என்ன தேவை, எந்தப் பெண் தமிழ் நன்றாக எழுதுவாள், எல்லாம் அவர் போனில் இருந்தது, போனுடன் போய்விட்டது.

அதன்பிறகுதான் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கொடுத்தோம். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கூடுதல் நேரம், ஸ்க்ரைப் இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தப் பத்தியைத் தமிழில் எழுதி இணைத்தோம். கோரிக்கை ஒன்றே ஒன்று: சேர்க்கையின்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டையை வாங்குகிறீர்கள் அல்லவா, அப்போதே தேவையையும் பதிந்து தேர்வு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எங்களில் ஒரு ஜூனியருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும். 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் இல்லாததால் அவளுக்கு ஸ்க்ரைப் கிடையாது என்று சொல்லிவந்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் 40 சதவீதத்தைக் காட்டி ஸ்க்ரைபை மறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது, 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்திருந்தது. இரண்டையும் வைத்தோம். முதல்வர் படித்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். எத்தனை முறை சொன்னோம் என்று எண்ணிச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது.

எம்.ஏ. கடைசி செமஸ்டர் ஹால் டிக்கெட்டைத் தோழி படித்துக்காட்டினாள். பெயர், பதிவெண், அதன் கீழே 'ஸ்க்ரைப் உண்டு, கூடுதல் நேரம் 60 நிமிடம்'. அந்த முறை நான் யாரிடமும் போகவில்லை. வந்த பெண் தமிழ்வழியில் படித்தவள். களப்பிரரைச் சரியாக எழுதினாள், நானே சோதித்தேன்.

பார்வையுள்ள அம்மா அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: சேர்க்கையன்று முதல்வரிடம் பேசியதோடு திரும்பிவிடாதீர்கள். தேர்வு அலுவலகத்துக்குப் போய், போன செமஸ்டரில் எத்தனை பேருக்கு ஸ்க்ரைப் கொடுத்தீர்கள், பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலைத் தேடி எடுத்தால் நல்ல கல்லூரி. "அந்த சாரைக் கேளுங்க" என்றால் அந்த சாருக்கு இன்னும் எத்தனை வருடம் சர்வீஸ் என்றும் கேட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது ஐந்து வருடத்தில் யூனிகோடுக்கு மாற்றிய குறிப்புகளை எல்லாம் வள அறைக் கணினியில் ஒரு ஃபோல்டராகப் போட்டு வைத்தேன். போன மாதம் முதலாண்டுப் பெண் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, எல்லாம் நல்லாப் படிக்குது. அஞ்சாவது ஃபைல் மட்டும் ஜே கே பி ஓன்னு என்னமோ சொல்லுது." ஒன்றை மாற்ற மறந்திருக்கிறேன். அன்று இரவே மாற்றி அனுப்பிவிட்டேன்.