விபத்து இழப்பீட்டு வழக்கா? வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

மாமா, அதாவது அக்காவின் கணவர், காய்கறி லோடு ஏற்றும் குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தார். உளுந்தூர்பேட்டை அருகே சாலையோரம் நிறுத்தி டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது லாரி மோதி, அங்கேயே போய்விட்டார். வயது 42.

பிணவறை வாசலிலேயே ஒருவர் வந்து பேசினார். "செலவெல்லாம் வக்கீல் பார்த்துக்குவாரு, பணம் வந்ததும் கொடுத்தா போதும்" என்றார். உடலை வாங்கும் அவசரத்தில் அக்கா வக்காலத்திலும் நாலைந்து வெற்றுத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நின்ற நானும் தடுக்கவில்லை. அப்புறம் வக்கீல் சொன்ன வங்கிக் கிளையில் கணக்கு திறந்து, பிளாங்க் செக் இரண்டையும் கொடுத்தோம்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார். "கேஸ் நடந்தா அஞ்சு வருஷம் இழுக்கும், இன்சூரன்ஸ்காரன் அப்பீல் போவான், பதினொரு லட்சத்துக்கு முடிச்சிடலாம்மா" என்றார். முடித்தோம்.

அதில் பிள்ளைகள் இருவருக்கும் தலா இரண்டரை லட்சம். பதினெட்டு வயது வரை டெபாசிட்டில் இருக்கும், தொட முடியாது. மாமாவின் அம்மாவுக்கு ஒரு லட்சம். அக்காவுக்கு ஐந்து. வக்கீல் மொத்தப் பதினொன்றுக்கும் முப்பது சதவீதம் கணக்குப் போட்டு, மூன்று லட்சத்து முப்பதாயிரத்தையும் அக்கா கணக்கிலிருந்தே அந்த செக்கை வைத்து எடுத்துவிட்டார். அவள் கையில் நின்றது 1,70,000.

பிறகுதான் விசாரித்தோம். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த கணக்கு இது: மாமாவின் மாத வருமானம் 15,000. அந்த வயதில் சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்க்க வேண்டும். சார்ந்தவர்கள் நான்கு பேர் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்து, 42 வயதுக்கு 14 ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 23,62,500 வருகிறது. ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை எல்லாம் தனி. வருமானத்தை நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும், சரி. ஆனால் லோடு பில்களை வக்கீல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்தால் மேல்முறையீடும் கிடையாது. இதையாவது எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி தவறு. ஃபீஸ் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். செக், பாஸ்புக், ஏடிஎம் கார்டு எதையும் கொடுக்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். அதன் எண் 15100. அன்றைக்கு இது தெரிந்த ஒருவர்கூட எங்கள் பக்கத்தில் இல்லை.

பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம். செக் எடுத்த தேதியுள்ள வங்கி ஸ்டேட்மென்ட்டை அக்காவே போய் வாங்கி வந்து இணைத்தாள்.