வேலையை விடாமல் பொது சுகாதாரம்: லண்டன் எம்.எஸ்சி., வாரக் கெடு வைக்கும் எம்.பி.எச்., நம்மூர் டிப்ளமோ. எது யாருக்கு?

பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு படிக்கணும், வேலையை விட முடியாது என்று விசாரிப்பவர்களில் மூன்று பேரை அடிக்கடி பார்க்கிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பார்க்கும் பி.எஸ்சி. நர்ஸ், சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், தொண்டு நிறுவனத்தில் புராஜெக்ட் கவனிக்கும் எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரி. மூவரும் கேட்பது "எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்றுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: படித்து முடித்து அந்தச் சான்றிதழை யாரிடம் நீட்டப் போகிறீர்கள்? இந்தப் பதிலைப் பொறுத்து பாதி வழிகள் அங்கேயே அடைபட்டுவிடும். பணம் கட்டிய பிறகு அது தெரியவந்து பிரயோஜனம் இல்லை.

வெளிநாட்டுப் பட்டங்களுக்கு, இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தகுதி கொடுப்பது பற்றி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 ஏப்ரலில் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. வகுப்பறைக்கு நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குத்தான் இணைத்தகுதி. ஆன்லைனிலோ தொலைநிலையிலோ படித்ததற்குக் கிடையாது. ஆக, லண்டனில் வாங்கினாலும் எடின்பரோவில் வாங்கினாலும், வீட்டில் உட்கார்ந்து வாங்கிய முதுகலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு அரசுப் பணிக்கோ, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்கோ, ஆசிரியர் வேலைக்கோ போவது கடினம். படிப்பின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதே பட்டத்தை உலக சுகாதார நிறுவனத்திலோ, யுனிசெஃப்பிலோ, வெளிநாட்டு நிதியில் நடக்கும் காசநோய், எச்.ஐ.வி. திட்டங்களிலோ, மருந்து ஆய்வு நிறுவனங்களிலோ காட்டினால் மரியாதையோடு பார்ப்பார்கள்.

உள்நாட்டு ஆன்லைன் படிப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர முடியாது. தொலைநிலை, ஆன்லைன் படிப்பு நடத்த அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. சேரும் மாணவர் தன் பெயரில் டெப் ஐடி என்ற தனி அடையாள எண்ணை எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில், சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து, பயோடெக்னாலஜி, கிளினிக்கல் நியூட்ரிஷன் போன்றவற்றைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்தியது. சுகாதாரம் சார்ந்த படிப்புகள் மீது பிடி இறுகிவருகிறது. அதனால் கல்லூரிக்காரர் போனில் சொல்வதை நம்பாமல், நீங்கள் சேரும் பருவத்துக்கு அந்தக் குறிப்பிட்ட படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அரசு மருத்துவர்களின் கதை வேறு. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனிப் பணிப் பிரிவே உண்டு, அவர்களுக்கான டி.பி.எச். (பொது சுகாதார டிப்ளமோ) பாதையை இந்த ஆன்லைன் படிப்புகளோடு ஒப்பிடவே வேண்டாம்.

ஒரே கணக்கு, நான்கு வகுப்பு

பாடத்திட்டங்களை வரிசையாக அடுக்கினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எபிடெமியாலஜி (நோய்ப் பரவலை ஆராயும் துறை), புள்ளியியல், சுகாதாரப் பொருளாதாரம், கொள்கை, சுற்றுச்சூழல். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரே பயிற்சிக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் அதை என்ன செய்யச் சொல்வார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒரு கல்யாண விருந்து. 120 பேர் சாப்பிட்டார்கள். மறுநாள் 36 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மோர் குடித்த 60 பேரில் 30 பேர் படுத்துவிட்டார்கள். மோர் குடிக்காத 60 பேரில் 6 பேர். அதாவது 50 சதவீதம், 10 சதவீதம். மோர் குடித்தவர்களுக்கு ஆபத்து 5 மடங்கு.

கோர்செரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் கிடைக்கும் வீடியோ வகுப்பு இந்த 5 வந்ததும் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகும். அடிப்படை புரிய அது போதும். 2020 மே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அதே தளத்தில் இலவசமாகக் கொடுத்த கோவிட் தொடர்பு கண்டறியும் பயிற்சியை உலகம் முழுக்க ஏராளமானோர் படித்தார்கள். அந்த நேரத்துக்கு அது பெரிய உதவி.

லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிக்கல் மெடிசினின் தொலைநிலை எம்.எஸ்சி.யில் கேள்வியே 5-க்குப் பிறகுதான் தொடங்கும். இந்த 5-இன் 95 சதவீத நம்பக எல்லை என்ன, அதாவது உண்மையான மடங்கு எதிலிருந்து எது வரை இருக்கலாம்? கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2.2-லிருந்து 11 வரை வரும். இவ்வளவு அகலமாக இருக்கும்போது "மோர்தான்" என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? மோர் குடித்தவர்கள் எல்லாரும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களாக இருந்தால்? வெயிலில் நாலு மணி நேரம் இருந்த கூட்டையும் அவர்கள்தானே சாப்பிட்டிருப்பார்கள்? முதல் பந்தியில் சாப்பிட்டு பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டவர்களை யார் விசாரித்தது? ஒரு எண்ணைச் சந்தேகிக்கும் பழக்கத்தை இந்தப் படிப்பு எலும்பு வரை ஏற்றிவிடும். நான் அதை மதிப்பது இதற்காகத்தான். ஆனால் பெரும்பாலும் நீங்கள் தனியாகத்தான் படிப்பீர்கள். குறிப்பு, புத்தகம், அசைன்மென்ட், ஆசிரியரின் எழுத்துக் குறிப்பு. தள்ளிவிட ஆள் இல்லை.

லிவர்பூல் போன்ற ஆன்லைன் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலைப் பட்டம்) படிப்புகளில் எட்டு வாரத்துக்கு ஒரு பாடம். வாரா வாரம் விவாதத்தில் எழுத வேண்டும், மற்றவர் எழுதியதற்கும் பதில் எழுத வேண்டும். அங்கே இதே கல்யாண விருந்து வேறு மாதிரி வரும். பக்கத்தில் லேப் இல்லாத ஊரில் இது நடந்தால் என்ன செய்வீர்கள்? நைஜீரியாவில் இருக்கும் ஒரு டாக்டரும், வளைகுடாவில் வேலை பார்க்கும் கேரள நர்ஸும், நீங்களும் ஆளுக்கொரு பதில் எழுதுவீர்கள். கணக்கின் ஆழம் லண்டன் அளவுக்கு இராது. மற்ற நாட்டு சுகாதார அமைப்புகள் எப்படி இயங்குகின்றன என்பது மட்டும் புத்தகத்தில் கிடைக்காத அளவுக்குக் கிடைக்கும்.

நான்காவது வகுப்பு ஆன்லைன் இல்லை, ஒப்பிடுவதற்காகச் சொல்கிறேன். சென்னை அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் முழுநேர எம்.பி.எச். அங்கே வகுப்பும் களமும் மாறி மாறி வரும். இப்படி ஒரு விருந்துச் சம்பவம் என்றால் மண்டபத்துக்குப் போகணும், மொய் நோட்டிலிருந்து பெயர் எடுக்கணும், சமையல்காரரைத் தேடிப் பிடித்து தயிர் எங்கே வாங்கினார், எப்போது கரைத்தார் என்று கேட்கணும். விசாரணைக்குப் போகும்போது மீதி மோரைக் கொட்டி அண்டாவைக் கழுவி வைத்திருப்பார்கள். அந்த நிலையில் அறிக்கை எழுதக் கற்றுக்கொள்வது எந்தத் திரையிலும் வராது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவின் அச்சுத மேனன் மையம் 1997-இல் நாட்டின் முதல் எம்.பி.எச்.சைத் தொடங்கியது. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றிலும் எம்.பி.எச். உண்டு. இவற்றுக்கு வருவது என்றால் இரண்டு வருடச் சம்பளத்தை மறக்க வேண்டும். முடிந்தவர்களுக்கு இதுதான் முதல் வழி என்று தயங்காமல் சொல்வேன். முடியாதவர்களுக்குத்தான் இந்த அலசல்.

ஐப்பசி மழையும் அசைன்மென்ட்டும்

பிரிட்டனில் முதுகலைக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. மொத்தம் 1800 மணி நேரம். வாரம் 10 மணி நேரம் ஒதுக்கினால் 180 வாரம், ஏறக்குறைய மூன்றரை வருடம். இரண்டே வருடத்தில் முடிக்கலாம் என்று விளம்பரம் சொன்னால் வாரம் 17, 18 மணி நேரம் படிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். நைட் டியூட்டி முடித்துவிட்டு வரும் நர்ஸுக்கு அது நடக்கிற காரியமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நம்மூரில் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிரிட்டிஷ் கல்வியாண்டு செப்டம்பர், அக்டோபரில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான். டெங்கு, காய்ச்சல் முகாம், வெள்ளம் வந்தால் குளோரின் மாத்திரை என்று டிசம்பர் வரை களத்தில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்காது. வாரக் கெடு வைக்கும் எம்.பி.எச். இந்த மாதங்களில் உங்களைக் கசக்கிவிடும். ஒரு வாரம் விவாதத்தில் எழுதாவிட்டால் மதிப்பெண் போகும். லண்டன் எம்.எஸ்சி. இங்கே கைகொடுக்கும். அக்டோபரில் தொடங்கி ஜூனில் தேர்வு; நடுவில் எப்போது வேகம் எடுப்பது என்பது உங்கள் கையில். மழைக்காலத்தில் மெதுவாகப் படித்து, பொங்கலுக்குப் பிறகு முழுமூச்சாக இறங்கலாம். மாவட்டக் களப்பணியில் இருப்பவர்கள் வேறு எதையும் பார்க்காமல் இந்த ஒரு காரணத்துக்காகவே லண்டனைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. அதே சுதந்திரம், கெடு இல்லாவிட்டால் புத்தகத்தைத் தொடாதவர்களுக்கு எதிரி. அப்படிப்பட்டவர் என்றால் லிவர்பூல் மாதிரிதான் சரி.

நேரலை வகுப்புகள் விஷயத்தில் பிரிட்டன் நமக்குச் சாதகம். குளிர்காலத்தில் லண்டனில் மதியம் 3 மணி என்றால் இங்கே இரவு 8.30. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் மாலை 7 மணி வகுப்பு என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை 5.30. 1916-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொது சுகாதாரப் பள்ளியிலும் பகுதிநேர ஆன்லைன் எம்.பி.எச். உண்டு. படிப்பு உயர்ந்தது, கட்டணமும் அப்படியே. யாராவது செலவை ஏற்றுக்கொண்டால் மட்டும் யோசிக்கலாம்.

பணம்

லண்டன் எம்.எஸ்சி. மொத்தமாக பத்து லட்சத்துக்கு மேல் போகும். ஆனால் பாடம் பாடமாகக் கட்டலாம். பவுண்டு மதிப்பு ஏறினால் உங்கள் கட்டணமும் ஏறும் என்பதைக் கணக்கில் வையுங்கள். 60 கிரெடிட்டோடு நிறுத்தினால் முதுகலைச் சான்றிதழ், 120-இல் டிப்ளமோ. நடுவில் நின்றாலும் கையில் ஒன்று இருக்கும். எடின்பரோவின் ஆன்லைன் படிப்புகள் இதையே வருடக் கணக்கில் பிரித்து வைத்திருக்கின்றன. காமன்வெல்த் தொலைநிலைக் கல்வி உதவித்தொகை என்று பிரிட்டிஷ் அரசு நிதியில் ஒன்று இருக்கிறது. இந்தியர், இலங்கையர் இருவரும் விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டுப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும்தான் தருவார்கள். எனவே படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு உதவித்தொகை தேடாமல், பட்டியலைப் பார்த்துவிட்டுப் படிப்பைத் தேடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். லண்டன் தருவது எம்.எஸ்சி. பட்டம். மான்செஸ்டர், எடின்பரோ, லிவர்பூல் தருவது எம்.பி.எச். "எம்.பி.எச். கட்டாயம்" என்று எழுத்துக்கு எழுத்து பார்க்கும் நிறுவனத்தில்தான் வேலை தேடுகிறீர்கள் என்றால் இது முக்கியம்.

நம்மூர் டிப்ளமோக்கள்

2006-இல் தொடங்கிய பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியாவும் அதன் ஐஐபிஎச் (இந்தியப் பொது சுகாதார நிறுவனம்) கல்வி நிலையங்களும் வேலை பார்ப்பவர்களுக்காக இணையவழி முதுகலை டிப்ளமோக்களை நடத்திவருகின்றன. பாடத்தில் வருவது நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையம், நம் திட்டம், நம் புள்ளிவிவரம். இதன் அருமை, லண்டன் பாடத்தில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கும்போதுதான் தெரியும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு, வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதும் தகவல் மலைபோலக் குவிகிறது. முதல் மாதம் மாத்திரை வாங்கியவர் ஆறாவது மாதமும் வாங்குகிறாரா, அழுத்தம் கட்டுக்குள் வந்ததா என்று பார்க்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேண்டும். இந்த வேலைக்கு ஒரு நல்ல டிப்ளமோ போதும். ஆனால் பதவி உயர்வுக்கு இதை நம்பாதீர்கள். சான்றிதழைப் பல்கலைக்கழகம் தருகிறதா, நிறுவனமே தருகிறதா என்று பிராஸ்பெக்டஸில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எதில் சேர்வதற்கும் முன்னால், அயப்பாக்கம் நிறுவனம் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளம் வழியாக நடத்தும் ஆய்வு அடிப்படைப் பாடத்தைப் படித்துவிடுங்கள். மருத்துவ முதுகலை மாணவர்களுக்கு தேசிய மருத்துவ ஆணையம் கட்டாயமாக்கியிருக்கும் உயிர்மருத்துவ ஆய்வுப் பாடமும் அதே நிறுவனத்துடையதுதான். படிப்பு இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். வேலைக்கு நடுவில் சில வாரம் தொடர்ந்து உட்கார முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்த மூவருக்கு நான் சொல்வது

வெளிநாடு போகும் எண்ணம் உள்ள நர்ஸுக்கு எடின்பரோ அல்லது மான்செஸ்டர் எம்.பி.எச்.; முதல் 60 கிரெடிட்டை மட்டும் முதலில் எடுக்கட்டும். உள்ளூரிலேயே அரசு வேலைக்கு முயல்பவர் என்றால் ஆன்லைனை விட்டுவிட்டு நேரடி எம்.பி.எச்.சுக்குப் பணம் சேர்க்கலாம். பல் டாக்டர் கிளினிக்கைக் காலையோ மாலையோ மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்பதால் லண்டனின் கணக்குப் பாடங்களைத் தாங்குவார். ஆய்வுத் துறைக்கு மாறும் ஆசை இருந்தால் அதுவே சிறந்தது. புராஜெக்ட் பார்ப்பவருக்கு உள்நாட்டு டிப்ளமோ முதலில். நிறுவனம் செலவில் பாதியை ஏற்றால் பிறகு முதுகலை.

மூவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஆய்வேட்டுக்கான தகவலை உங்கள் வேலையிடத்திலிருந்தே எடுக்கப் பாருங்கள். அதுதான் இந்தப் படிப்பை வீண்போகாமல் காக்கும். அதற்கு நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், நோயாளிகளின் பெயர், முகவரி நீக்கிய பதிவு வேண்டும், பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவோடு இங்குள்ள நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இங்குள்ள குழுக்கள் அடிக்கடி கூடுவதில்லை. ஒரு திருத்தம் சொன்னால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். கடைசி வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், சேர்ந்த முதல் வருடமே மேலதிகாரியிடம் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.