ஆஸ்பெஸ்டாஸ் சீலிங்: மூடி வைப்பதா, கழற்றிவிடுவதா?

டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் பக்கம், பழைய வீட்டைப் புதுப்பிக்கும் பலருக்கும் வரும் கேள்வி இது. எங்கள் வீட்டில் கழற்றினோம். கேட்பவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

முதலில் சோதனை. சீலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். தென்னாப்பிரிக்கா அதைத் தடை செய்தது 2008-இல். பழைய வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்திருப்பது குற்றமில்லை.

மூடி வைப்பதில் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். பலகை உடையாமல் கெட்டியாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் நார் காற்றில் கலக்காது, பெயிண்ட் பூசியே விடலாம். ஆனால் பூசுமுன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. சிலர் அடியிலேயே ரைனோபோர்டு என்ற ஜிப்சம் பலகையை அடிக்கச் சொல்கிறார்கள். அதைத் தாங்கும் திருகாணி பழைய பலகையைத் துளைத்துத்தானே போக வேண்டும்?

எங்கள் முடிவுக்குக் காரணம் கீசர். இங்கே பெரும்பாலான வீடுகளில் அது சீலிங்குக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. என்றாவது ஒருநாள் ஒழுகும், வெடிக்கவும் செய்யும். எங்கள் கீசருக்கு அடியில் பலகை பழுப்பாகக் கறை பிடித்து, ஆணி அடித்த ஓரம் பொரிந்து, சாம்பல் நிற நார் நூல் நூலாக வெளியே தெரிந்தது. அதற்கு மேல் எத்தனை பெயிண்ட் பூசி என்ன பயன்? அப்புறம், மேலே ஏறுகிறவர்கள்: ப்ளம்பர், டவுன்லைட் வைக்க வரும் எலெக்ட்ரீஷியன், லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டுத் தொல்லையால் இன்வெர்ட்டருக்கு வயர் இழுப்பவர். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் நாம்தான் எச்சரிக்க வேண்டும். ஒரு தடவை மறந்தாலும் டிரில் ஓடிவிடும், தூசு அவர்கள் நெஞ்சுக்குள் போய்விடும்.

அந்தத் தூசு உடனே எதையும் காட்டாது. நோய் வர இருபது, நாற்பது வருடம்கூட ஆகலாம். 1960-இல் வாக்னரும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வில் 33 மீசோதெலியோமா (நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) நோயாளிகள். ஏறக்குறைய எல்லோருக்கும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு கேப் பகுதியில் நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய வட்டாரத்தோடு தொடர்பு இருந்தது. அதில் பலர் சுரங்கத்தில் இறங்காதவர்கள், பக்கத்தில் வாழ்ந்தவர்கள்.

கழற்றுவதில் செலவு அதிகம்தான், மறைக்கவில்லை. தொழிலாளர் துறையில் பதிவு செய்த ஒப்பந்தக்காரர் வேண்டும். பலகையை நனைத்து, உடைக்காமல் இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, ஆபத்தான கழிவை ஏற்கும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வேலை முடியும்வரை நாங்கள் உறவினர் வீட்டில் தங்கினோம்.

எங்கள் கூரை ஓடு. உங்கள் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் என் அனுபவம் போதாது. அப்படியானால் இரண்டையும் சேர்த்தே விலை கேளுங்கள். கழிவு எங்கே போனது என்ற சான்றிதழை மட்டும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.