பாரோமீட்டர் வைத்த ஃபிட்னஸ் வாட்ச்: 14 மாதம் கட்டிய பிறகு

வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை. இந்த வாட்சை நான் வாங்கியது ஒரே ஒரு எண்ணுக்காகத்தான்: மொத்த ஏற்றம். அதாவது ஒரு பாதையில் நான் மேல்நோக்கி ஏறிய மீட்டர்களின் கூட்டுத்தொகை. அதனால் இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும். திரை, நிறம், ஸ்ட்ராப் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

வாங்கிய முதல் மாதமே அக்காவும் நானும் ஒரு 9 கிலோமீட்டர் மலைப்பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அவள் வாட்சில் பாரோமீட்டர் கிடையாது, ஜிபிஎஸ் மட்டும்தான். கீழே வந்து பார்த்தால் எனக்கு 268 மீட்டர் ஏற்றம், அவளுக்கு 412. "உன் வாட்ச் நடுவுல தூங்கிடுச்சு" என்றாள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சமவுயரக் கோடுகள் போட்ட வரைபடத்தைத் திறந்து, பென்சிலால் பாதையைத் தொட்டுக்கொண்டே எண்ணினோம். 20 மீட்டருக்கு ஒரு கோடு. ஏறுமுகத்தில் 13 கோடுகள் வந்தன. 260 மீட்டர்.

அவள் வாட்ச் ஏன் அவ்வளவு கூட்டிச் சொன்னது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாமே நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. பக்கவாட்டு இடத்தைக் கணிக்கும்போது நாலா திசையிலிருந்தும் சிக்னல் வருவதால் பிழை ஓரளவு கட்டுக்குள் நிற்கிறது. உயரத்துக்கு அந்த வசதி இல்லை. காலுக்குக் கீழே இருந்து சிக்னல் வர பூமி விடாது. அதனால் உயரத்தில் வரும் பிழை பக்கவாட்டுப் பிழையைவிடப் பெரிது. சமதரையில் நடந்தாலும் உயரம் இரண்டு மீட்டர் ஏறும், மூன்று இறங்கும், மறுபடி ஏறும். மொத்த ஏற்றம் என்பது ஏறியதை மட்டும் கூட்டும் கணக்கு, இறங்கியதைக் கழிக்காது. ஆகவே அந்தப் பொய்யான ஏற்றங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. 9 கிலோமீட்டரில் 140 மீட்டருக்கு மேல் சேர்ந்தது அப்படித்தான்.

பாரோமீட்டர் வேலை செய்யும் விதமே வேறு. அது காற்றின் அழுத்தத்தைப் பார்க்கிறது. கடல்மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல். அதற்குப் பக்கத்து உயரங்களில் சுமார் 8 மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். உள்ளே இருக்கும் சின்ன சென்சார் அதில் சிறு பின்னத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். நம்பாமல் ஒரு மாடிப்படியில் சோதித்தேன். டேப்பால் அளந்தேன்: ஒரு படி 16 சென்டிமீட்டர், மாடிக்கு 18 படி. பத்து மாடி ஏறினால் 28.8 மீட்டர். மூன்று தடவை ஏறினேன். 28, 29, 28 என்று காட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்த எண்ணைப் பார்த்தபோது இந்த வாட்சின் மேல் எனக்கு முழு மதிப்பு வந்தது. ஆனால் மாடிக் கணக்கில் மட்டும் 10-க்குப் பதில் 9 என்றிருந்தது. இதில் ஒரு மாடி என்றால் 3 மீட்டர். அந்தப் படிக்கட்டில் மாடிக்கு 2.88 மீட்டர்தான். பிழை இல்லை, அளவுகோல் வேறு.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. மழை வந்தாலும் காற்றழுத்தம் மாறும், வாட்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஓர் இரவு வாட்சை மேசையில் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினேன். விடியற்காலையில் மழை. எழுந்து பார்த்தால் மேசையின் உயரம் 24 மீட்டர் கூடியிருந்தது, அதாவது அழுத்தம் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாள் முழுக்க மலையில் இருந்தால் கவனிக்க வேண்டும். நான் கிளம்பும் இடத்தின் உயரத்தை வரைபடத்தில் பார்த்துக் கையால் பதிந்துவிடுவேன். அதே இடத்துக்குத் திரும்பி வந்ததும் உயரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால், வானிலை எவ்வளவு இழுத்தது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சோப்பு. நான் குளிக்கும்போதும் வாட்சைக் கழற்றுவதில்லை. ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொடை வலிக்க ஏறி முடித்தால் 31 மீட்டர் என்றது. அழுத்தம் உள்ளே போக வாட்சின் ஓரத்தில் ஊசிமுனை அளவு துளைகள் உண்டு. அவற்றில் சோப்பும் வியர்வை உப்பும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தன. குண்டூசியால் குத்தக் கூடாது, உள்ளே சென்சார் கெட்டுவிடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசிக் காயவைத்தேன், சரியாகிவிட்டது. வாங்கும்போதே பெட்டியில் ஒரு வரி பெரிய எழுத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல ஏற்றத்தின் பதிவு எனக்குப் போனது போனதுதான்.

ட்ரெட்மில்லில் ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 சதவீதச் சரிவில் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 500 மீட்டர் ஏறிய உழைப்பு. வாட்ச் பூஜ்யம் காட்டும். உடம்பு இருந்த இடத்திலேயே இருப்பதால் அழுத்தம் மாறவில்லை, அவ்வளவுதான். ஏற்றத்தை நீங்களே கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தூரம் திறந்தவெளியில் துல்லியம். 400 மீட்டர் தடத்தில் பத்துச் சுற்றுக்கு 4.05 கிலோமீட்டர் வந்தது. செங்குத்தான பாறைக்கு அடியில் கோடு கொஞ்சம் வளைந்து நெளியும். இதயத்துடிப்பைப் பச்சை ஒளியால் ரத்த ஓட்டத்தைப் பார்த்து அளக்கிறது. நிதான ஓட்டத்தில் நம்பலாம். வேகமான இடைவெளிப் பயிற்சியில் சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டினால் குறைகிறது. கலோரி வெறும் மதிப்பீடு, நான் பார்ப்பதில்லை.

சமதரையில் மட்டும் நடப்பவருக்குப் பாரோமீட்டருக்காகக் கூடுதல் பணம் தேவையில்லை. மலையும் படியும் ஏறுபவர் வாங்குமுன் அந்தச் சென்சார் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். அக்கா புதிது வாங்கவில்லை. அவள் ஆப்பில் வரைபட உயரத்தை வைத்து ஏற்றத்தைத் திருத்தும் வசதி இருப்பதைப் போன மாதம்தான் கண்டுபிடித்தோம். அந்தப் பழைய நடையைத் திறந்து அமுக்கினாள். 412 போய் 274 வந்தது.