மேலே நான்கு அசல், கீழே 21 போலி: டூயல் லேயர் டிவிடி வாங்குபவர்கள் கவனிக்க

போன மாதம் 25 டூயல் லேயர் (இரட்டை அடுக்கு) டிவிடிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிண்டில் டப்பா ஒன்றை வாங்கி ஏமாந்தேன். தட்டுகளுக்குக் கொடுத்த பணத்தோடு, நன்றாக இருந்த என் பழைய ரைட்டரும் (டிவிடி எழுதும் டிரைவ்) போயிற்று. அந்தக் கடையில் அதே டப்பா இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா எடுத்த பழைய வீடியோ டேப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருந்தேன். ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி இருந்தது. தட்டிலும் ஒன்று இருக்கட்டும், அக்காவுக்கும் ஒரு செட் அனுப்பலாம் என்று நினைத்தேன். தட்டுக்கு 7.4 ஜிபி வீதம் பிரித்துக்கொண்டேன். முதல் நான்கும் சுத்தமாக எழுதி முடிந்தன, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வெரிஃபையிலும் தேறின. அந்தத் தைரியத்தில், நேரம் மிச்சமாகட்டும் என்று வெரிஃபையை அணைத்தேன். அப்படிச் செய்திருக்கவே கூடாது. ஐந்தும் ஆறும் ‘வெற்றி’ என்ற செய்தியோடு வெளியே வந்தன. அன்றே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் ஏழாவது தட்டு 52 சதவீதத்தில் நின்றது. எட்டாவது 51. ஒன்பதாவதும் 53-இல் ரைட் எரர்.

மூன்றுமே பாதியைத் தாண்டியதும் நின்றது தற்செயல் இல்லை. இந்தத் தட்டில் எழுதும் அடுக்குகள் இரண்டு. லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளி விளிம்பு நோக்கி எழுதிக்கொண்டு போகும். பிறகு குவியத்தை இரண்டாம் அடுக்குக்கு மாற்றி, வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். இரண்டாம் அடுக்கை எட்ட வேண்டுமானால், பாதி ஒளியை மட்டுமே உள்ளே விடுகிற முதல் அடுக்கைத் தாண்டிப் போக வேண்டும். அதற்குக் கூடுதல் சக்தி தேவை. தட்டின் சாயம் சீராகப் படியவில்லை என்றாலோ, இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே உள்ள பசை ஒரே தடிமனில் இல்லை என்றாலோ, அடுக்கு மாறும் இடத்தில்தான் முதலில் உதைக்கும். எழுதத் தொடங்கும் முன்பே பவர் கேலிபரேஷன் பிழை வந்தால் அது வேறு கதை: அந்தத் தட்டுக்கு எவ்வளவு லேசர் சக்தி வேண்டும் என்பதையே டிரைவால் முடிவு செய்ய முடியவில்லை என்று பொருள்.

கடைக்குப் போனேன். அளவுக்கு மேல் டேட்டா போட்டிருப்பீர்கள் என்றார் கடைக்காரர். அது சரியில்லை. பெட்டியில் 8.5 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 7.96 ஜிபி, என்னுடையது அதற்குள் தாராளமாக அடங்கும். அடுத்து, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் எழுதுங்கள் என்றார். அதையும் வீட்டில் செய்து பார்த்திருந்தேன். ஒன்பதாவது தட்டு அப்படி எழுதியதுதான். கடைசியில், “உங்க ரைட்டர் லென்ஸ் போயிடுச்சு சார், முதல் நாலு தட்டு நல்லா வந்துச்சே, அப்புறம்தானே தகராறு?” என்று கேட்டார். கேட்கும்போது நியாயமாகவே பட்டது. லேசர் தளர்ந்த டிரைவ் சாதாரண ஒற்றை அடுக்குத் தட்டில் சமாளித்துவிட்டு, டூயல் லேயரில் கைவிடுவது உண்மையிலேயே நடக்கும். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிய ரைட்டர் வாங்கி வந்தேன்.

புதிய ரைட்டரில் பத்தாவது தட்டு 52-இல் நின்றது. பதினொன்றாவது முழுக்க எழுதியது. வெரிஃபை செய்தபோது இரண்டாம் அடுக்கில் படிக்க முடியாத செக்டர்கள் வரிசையாக வந்தன.

அன்றிரவு, தட்டில் எழுத நான் பயன்படுத்தும் இம்க்பர்ன் மென்பொருள் சேமித்து வைத்திருந்த லாகுகளை (ஒவ்வொரு முறை எழுதியதன் பதிவுகளை) முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு லாகிலும் டிஸ்க் ஐடி என்று ஒரு வரி இருக்கும். தட்டை உண்மையில் தயாரித்தவர் யார், எந்த வகை என்று அது சொல்லும். மிட்சுபிஷி ககாகு மீடியா தயாரித்த 8எக்ஸ் தட்டுகளில் எம்கேஎம்-003 என்று வருவதைப் போல. டிவிடி பிளஸ் ஆர் வகையில் இந்தக் குறியீடு தட்டின் பள்ளத்திலேயே பதிந்திருக்கும். டிரைவின் உள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அதைப் படித்துத்தான் எப்படி எழுதுவது என்று தீர்மானிக்கிறது. என் முதல் நான்கு தட்டுகளின் லாகில் ஒரு குறியீடு. ஐந்திலிருந்து பதினொன்று வரை வேறொரு தயாரிப்பாளரின் குறியீடு. மிச்சமிருந்த 14 வெற்றுத் தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது குறியீடுதான். மேல்புற அச்சில் ஒரு வித்தியாசமும் இல்லை. நடுத் துளையைச் சுற்றிய வளையத்தில் இருந்த எண்களின் அமைப்பு மட்டும் வேறாக இருந்தது.

யாராவது சோதித்தால் தேறட்டும் என்று மேலே நான்கு அசல் தட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். பிறகு பழுது வந்தால் பழி ரைட்டர் மேல்தான் விழும். எனக்கு அப்படித்தான் விழுந்தது.

லாகுகளின் பிரிண்ட் அவுட்டோடு மறுபடியும் போனேன். ஒரே பிராண்டுக்குப் பல ஆலைகள் தட்டு செய்து தரும் என்றார். அது உண்மைதான். ஆனால் சீல் உடைக்காத ஒரே டப்பாவில் மேல் நான்கு மட்டும் ஓர் ஆலையிலிருந்து வருமா என்று கேட்டேன். பதில் இல்லை. பெட்டி பிரித்தாயிற்று, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். பழைய ரைட்டரையாவது கொடுங்கள் என்றேன். அது விற்றுப்போய்விட்டதாம். லென்ஸ் போன ரைட்டரை யார் வாங்கினார்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. வளையத்து எண்களைப் படமெடுத்து அந்த பிராண்டின் நிறுவனத்துக்கு அனுப்பினேன். அவை தங்கள் தட்டுகள் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. அதை இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் ஸ்பிண்டில் டப்பா இருந்தால் மேல் தட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுவிலிருந்து இரண்டு, அடியிலிருந்து இரண்டு எடுத்து ஐடி பாருங்கள். வெற்றுத் தட்டைப் போட்டாலே போதும், எதையும் எழுத வேண்டியதில்லை, தட்டு வீணாகாது. ஐடி ஒத்துப்போனாலும் முழுதாக நம்ப வேண்டாம். குறியீட்டையே நகலெடுக்கும் போலிகளும் உண்டு. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் வெரிஃபை கட்டாயம். டிரைவ் மேல் சந்தேகம் வந்தால், நம்பகமான வேறொரு கடையிலிருந்து ஒரே ஒரு நல்ல டூயல் லேயர் தட்டை வாங்கி எழுதிப் பாருங்கள். அது தேறினால் டிரைவை மாற்றாதீர்கள், யார் சொன்னாலும் சரி. ஒற்றை அடுக்குத் தட்டில் செய்யும் சோதனை இதற்குப் போதாது. லாகை ஒருபோதும் அழிக்காதீர்கள். எனக்கு அது ஒன்றுதான் சாட்சியாக நின்றது.

அக்காவுக்குப் போன் செய்து அந்த இரண்டு தட்டுகளையும் உடனே ஹார்டு டிஸ்குக்கு மாற்றச் சொன்னேன். ஒன்று மெதுவாகப் படித்து முடிந்தது. இன்னொன்று பாதிக்கு மேல் நகரவே இல்லை. படிக்க முடியாமல் போன அந்தப் பாதியில்தான் அப்பா பேசும் பகுதி இருந்தது. மூலக் கோப்பு என்னிடம் இருந்ததால் தப்பித்தோம். வேறு கடையில் வாங்கிய தட்டில், இந்த முறை வெரிஃபையோடு, நேற்று மறுபடி எழுதி அனுப்பினேன்.