விசா ஏஜென்ட்: மிரட்டலுக்குத்தான் ஃபீஸ்

மனைவியோட சித்தி யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்திருந்தாங்க. கால் எலும்பு முறிவு, விசா முடிய பத்தே நாள். நீட்டிக்கலாமான்னு கேட்க 2025 மார்ச் கடைசியில திருச்சியில ஒரு விசா ஏஜென்ட்கிட்ட போனோம். ஏசி, ஃபில்டர் காபி எல்லாம் ஜோர். "வெளிநாட்டுக்காரங்க வர்றது, தங்கறது பத்தின புது மசோதா மக்களவையில பாஸ் ஆயிடுச்சு சார், அஞ்சு வருஷம் உள்ள!"ன்னார். சித்தி கையில டம்ளர் ஆடுது.

வீட்டுக்கு வந்து மசோதாவைப் படிச்சேன். அஞ்சு வருஷம், 5 லட்சம் வரை அபராதமெல்லாம் பாஸ்போர்ட், விசா இல்லாம நாட்டுக்குள்ள நுழையறவங்களுக்கு. விசா முடிஞ்சும் தங்கினா 3 வருஷம் வரை, இல்ல 3 லட்சம் வரை, இல்ல ரெண்டுமே. அதுவும் சின்ன விஷயமில்லதான். ஆனா சித்திக்குத்தான் விசா இருக்கே!

கேட்டது 8,000 ரூபாய். டாக்டர் சர்ட்டிஃபிகேட்டை வச்சு நானே ஆன்லைன்ல விண்ணப்பிச்சேன். காபிக்கு மட்டும் ஒரு ஸ்டார்.